தொட்டாலும் அணையாத தொடு விளக்கு: பழுது பார்ப்பதா, ஸ்விட்ச் வைப்பதா?

கேள்வி, பிப்ரவரி 9

அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தொடு விளக்கு இருக்கிறது. பித்தளை நிற உடம்பு, கண்ணாடிக் குடை. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. தொட்டால் மங்கலாக எரியும், மறுபடி தொட்டால் நடுத்தரம், அப்புறம் முழு வெளிச்சம், நாலாவது தடவை அணையும். ஆறு மாதமாக நடுராத்திரியில் தானாக எரிய ஆரம்பித்தது. போன வாரம் பல்பு பட்டென்று போனது. புதுசு போட்டேன். இப்போது பிளக்கைச் செருகினாலே முழு வெளிச்சம்தான், எங்கே தொட்டாலும் அணைவதில்லை. கடையில் காட்டினால் "இதெல்லாம் யூஸ் அண்ட் த்ரோ சார்" என்கிறார். சரிசெய்ய வழி இருக்கிறதா அண்ணா? இல்லையென்றால் சாதாரண ஸ்விட்ச் வைத்துவிடலாமா?

பதில், பிப்ரவரி 9, இரவு

டிரையாக் ஷார்ட். பல்புக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடுகிற மூன்று கால் குட்டிச் சாதனம்தான் டிரையாக். விளக்கைப் பார்க்காமலே சொல்லலாம், பாதிக் கதையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். குண்டு பல்பின் இழை அறுகிற நொடியில் அந்த இடைவெளியில் தீப்பொறி தாவும். அந்த ஒரு கணம் பல்பு வெறும் ஒயர் மாதிரிதான், தடை என்று எதுவும் இருக்காது. 60 வாட் பல்புக்குக் கால் ஆம்பியர் போதும் என்பதால், இந்த விளக்குகளில் ஒரு ஆம்பியர்கூடத் தாங்காத பொடி டிரையாக்கைத்தான் வைத்திருப்பார்கள். பல்பு போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போய்விடும். டிரையாக் செத்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும், அதனால்தான் அணைய மாட்டேன் என்கிறது.

நான் சொல்வது, பழுது பார்க்க வேண்டாம். அடியில் ஒட்டியிருக்கும் துணியைக் கிளப்பினால் தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும், நாலு ஒயர் வரும். கருப்பு உள்ளே வரும் பேஸ், சிவப்பு பல்புக்குப் போவது, வெள்ளை நியூட்ரல், மஞ்சள் விளக்கின் உடம்போடு சேர்ந்திருப்பது. பெட்டியைத் தூக்கிவிட்டு, கருப்பு வந்த இடத்தையும் சிவப்பு போன இடத்தையும் நேராக இணைத்து, வெளியே ஒயரில் ஒரு ஸ்விட்ச் வைத்தால் முடிந்தது. அரை மணி நேர வேலை.

பிப்ரவரி 10, காலை 6:40

மேலே எழுதியதை அப்படியே செய்துவிடாதீர்கள். தூக்கத்தில் எழுதியது. எர்த் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்கள் விளக்குக்கு இரண்டு பின் பிளக்தானே இருக்கும்? தொடு விளக்கின் உடம்பை எர்த் செய்ய முடியாது. உடம்புதான் அதன் காது. நம் உடலுக்கு ஏறக்குறைய 100 பைக்கோஃபாரட் கெபாசிட்டர் அளவு மின்னூட்டம் ஏந்தும் திறன் இருக்கிறது. கை பட்டதும் அந்தச் சிறு சுமை கூடுவதைத்தான் உள்ளே இருக்கும் சில்லு கேட்கிறது. ரப்பர் செருப்போடு நின்று தொட்டாலும் வேலை செய்வது அதனால்தான். உடம்பை எர்த்தில் கட்டினால், எப்போதும் எடுக்காத ஒரு பெரிய கையை வைத்தது போல ஆகிவிடும், சில்லுக்கு எதுவும் கேட்காது.

ஆகவே இது எர்த் இல்லாத உலோக விளக்கு. கரண்டுக்கும் நம் விரலுக்கும் நடுவே நிற்பவை மஞ்சள் ஒயரின் வழியில் வரிசையாக வைத்திருக்கும் மெகா ஓம் ரெசிஸ்டரோ, குட்டி கெபாசிட்டரோதான். பெட்டியை எடுத்து ஸ்விட்ச் வைத்துவிட்டால் உடம்பு வெறும் உலோகம். உள்ளே ஒரு ஒயர் தோல் உரிந்து பட்டால் உடம்பு முழுக்க 230 வோல்ட். அதனால் ஸ்விட்ச் வைக்கிறவர்கள் மூன்று கோர் ஒயர் போட்டு, பச்சையை உடம்பில் நல்ல திருகில் இறுக்கி, மூன்று பின் பிளக் மாட்டியாக வேண்டும். இதைச் செய்ய மனமில்லாதவர்கள் ஸ்விட்சும் வைக்க வேண்டாம்.

பிப்ரவரி 10, மாலை

இன்னொரு தப்பு. தப்பு என்பதைவிட, பொறி. பெட்டியில் கருப்பு பேஸ் என்று எழுதினேன். அது சரிதான், ஆனால் அது அமெரிக்கக் கணக்கு: அங்கே கருப்பு பேஸ், வெள்ளை நியூட்ரல். நம் பழைய வீட்டு ஒயரிங்கில் சிவப்பு பேஸ், கருப்பு நியூட்ரல். ஒரே விளக்குக்குள் இரண்டு நாட்டு வழக்கமும் சந்தித்துக்கொள்கின்றன. எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் ஒருவர் "கருப்போடு கருப்பு" என்று இணைத்து, பெட்டி வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். நிறத்தை நம்பாதீர்கள், பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் படத்தைப் பாருங்கள். படமும் இல்லையென்றால் எந்த ஒயர் எங்கே போகிறது என்று மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள்.

இன்னொன்று. திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுவர் ஸ்விட்சை அணைத்தால் போதாது. இரண்டு பின்னை எப்படியும் செருகலாம், ஸ்விட்ச் பேஸைத்தான் வெட்டுகிறதா என்பதற்கும் எந்த உத்தரவாதமும் இல்லை.

பிப்ரவரி 12

நடுராத்திரியில் தானாக எரிவது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் பேய் என்று முடிவே கட்டிவிட்டார்.

என்னிடமும் ஒரு தொடு விளக்கு இருந்தது. காலை ஏழு மணிக்குத் தானாக எரியும். முதலில் பல்லி மேல் பழி போட்டேன். விளக்கின் கழுத்தில் ஒரு பல்லி குடியிருந்தது, சாட்சி சொல்ல ஆள் இருக்கிற மாதிரிதான் இருந்தது. பல்லியை விரட்டினேன். மறுநாள் ஏழு மணிக்கு மறுபடி எரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எரியவில்லை. அன்று ஹோட்டலில் இட்லி வாங்கியிருந்தோம். அப்போதுதான் உறைத்தது: மிக்ஸி. சட்னி அரைக்கும்போது மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் பறக்கும் பொறி லைனில் கீச்சுக் கீச்சென்று இரைச்சலைத் தள்ளுகிறது, விளக்கு அதை விரல் என்று நினைத்துக்கொள்கிறது. மிக்ஸியை வேறு லைனில் மாற்றிப் போட்டதும் நின்றது. பல்லியிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை.

நடுராத்திரி என்றால் மிக்ஸி இருக்காது. ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஓடி நிற்பது, கரண்ட் போய் வருவது, மின்னல், பக்கத்திலேயே கிடக்கும் மலிவான செல்போன் சார்ஜர், எல்லாவற்றையும் சந்தேகிக்கலாம். சார்ஜரின் ஒயர் விளக்கின் மேல் சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தொடுவதை மட்டும் சரியாகக் கேட்காத விளக்கு என்றால் காசில்லா வைத்தியம் ஒன்று உண்டு. இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகுங்கள். பேஸ் இருக்க வேண்டிய பக்கத்தில் நியூட்ரல் இருந்தால் சில பெட்டிகளுக்குக் காது மந்தமாகிவிடும். நான் ஒரு விளக்கை முழுக்கப் பிரித்து, ஈயம் எல்லாம் புதிதாக வைத்து, பழையபடி மாட்டி, அப்புறம்தான் பிளக்கைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் போனது.

பிப்ரவரி 13

"டெஸ்டரை வைத்தால் விளக்கின் உடம்பில் மினுக்கென்று எரிகிறதே, ஷாக் அடிக்குமா?" என்ற கேள்விக்கு:

நல்ல நிலையில் இருக்கும் தொடு விளக்கிலும் நியான் டெஸ்டர் லேசாக மினுக்கலாம், அந்த மெகா ஓம் வழியாகக் கசியும் துளிக் கரண்டுக்கே அது எரியும். மங்கலாக மினுக்கினால் பயமில்லை. சாக்கெட்டில் வைத்தால் எரிவது போலப் பிரகாசமாக எரிந்தால் அந்த விளக்கைத் தொடாதீர்கள். யாரோ உள்ளே கைவைத்து அந்த ரெசிஸ்டரைத் தாண்டி ஒயர் கட்டியிருக்கலாம். நான் ஒருமுறை அப்படிப் பார்த்திருக்கிறேன். "தொட்டால் சரியாக எரியவில்லை, அதனால் நேராகக் கொடுத்துவிட்டேன்" என்றார் செய்தவர்.

பிப்ரவரி 15

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: "ஸ்விட்ச் வைக்கலாம் அண்ணா, ஆனால் அம்மாவுக்கு முடக்குவாதம். விரல் மடங்காது. ஒயரில் வரும் குட்டி ஸ்விட்சை அழுத்த முடியாது என்றுதான் சித்தப்பா இதை வாங்கி வந்தார்."

இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டியவன் நான். விளக்கைப் பற்றி ஆயிரம் கேட்டேன், யார் தொடுகிறார்கள் என்று கேட்கவில்லை. ஸ்விட்ச் யோசனையை வாபஸ் வாங்குகிறேன்.

அப்படியானால் பழுதுதான் பார்க்க வேண்டும். பெட்டியைத் திறக்க முடிகிறதா பாருங்கள். உள்ளே கருப்புப் பிசின் ஊற்றி மூடியிருந்தால் நோண்ட வேண்டாம், அதே நாலு ஒயர் கொண்ட புதுப் பெட்டியே ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கும்போது 220 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பாருங்கள், 110 வோல்ட்டும் அதே முகத்தோடுதான் வரும். பிசின் இல்லையென்றால் ஒரு சிறு போர்டு இருக்கும். அதில் எட்டுக் கால் பூச்சி ஒன்று, பெரும்பாலும் டிடி6061 (TT6061) என்ற சில்லு. பக்கத்தில் மூன்று கால் குட்டி, மேலே 97ஏ6 என்று எழுதியிருக்கும். நம் ஆள் அதுதான், எம்ஏசி97ஏ6. பல்பைக் கழற்றிவிட்டு, அதன் ஓரக்கால்கள் இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். நல்லதென்றால் ஏதும் காட்டாது. ஷார்ட் என்றால் சுழியம்.

அதையே திரும்ப வாங்கிப் போடாதீர்கள். அது 400 வோல்ட் சரக்கு. நம் 230 வோல்ட்டின் உச்சமே 325. மிச்சம் கொஞ்சம்தான், நம் ஊர் கரண்ட் துள்ளுகிற துள்ளலுக்கு அது பத்தாது. பிடி136 (BT136) போடுங்கள்: 600 வோல்ட், 4 ஆம்பியர். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

கால் வரிசை கவனம். பழையதில் நடுக்கால் கேட், அதாவது டிரையாக்கைத் திறக்கச் சொல்லும் கால். பிடி136-ல் கேட் மூன்றாவது கால். அப்படியே சொருகினால் வேலை செய்யாது. நடுக்காலையும் மூன்றாவதையும் குறுக்கே மாற்றி வளைத்து, இரண்டிலும் ஸ்லீவ் (மெல்லிய காப்புக் குழாய்) போட வேண்டும். உயரமும் கூட, பெட்டியின் மூடி மூடாமல் போகலாம். பிடி136-ன் முதுகுத் தகடும் கரண்டில்தான் இருக்கும், அது விளக்கின் உடம்பில் படவே கூடாது. மூடி மூடவில்லையென்றால் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் பெரிய பெட்டியாகப் பாருங்கள்.

பிப்ரவரி 19

தம்பி மாற்றிப் போட்டுவிட்டார். இப்போது தலைகீழ்: முன்பு அணையாது, இப்போது எரியாது.

தப்பு என்னுடையது. வெறும் "பிடி136" என்று எழுதிவிட்டேன். அதன் வாலில் வரும் எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. வால் இல்லாத பிடி136-600-ன் கேட்டைத் தட்ட 35 மில்லி ஆம்பியர் வரை கேட்கும். பழைய 97ஏ6 ஐந்துக்கே திறந்துகொள்ளும். இந்தச் சில்லு பூனைக்குட்டி மாதிரி, அதனால் அவ்வளவு தள்ள முடியாது. வாலில் டி (D) இருக்கும் பிடி136-600டி வாங்குங்கள், அது 5 மில்லி ஆம்பியர். இல்லையென்றால் இ, அது 10. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான் சார்" என்பார். இல்லை.

பிப்ரவரி 20

நீங்களும் வெறும் 136-தானே போட்டீர்கள் என்ற கேள்விக்கு: ஆமாம், நானும் வெறும் 136 போட்டுத்தான் என் விளக்கைச் சரிசெய்தேன், அது எரிந்தது. அதிர்ஷ்டத்தில் நல்ல பீஸ் வந்திருக்கிறது. அந்த அதிர்ஷ்டத்தை அறிவுரையாக எழுதியதுதான் பிழை.

பிப்ரவரி 23

எல்இடி பல்பு போடலாமா என்ற கேள்வி.

போடலாம், டிம்மபிள் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம்) என்று அட்டையில் இருந்தால். சாதாரண 9 வாட் எல்இடியைப் போட்டால் முதல் இரண்டு படியில் நடுங்கும், சிலது முனகவும் செய்யும். டிரையாக் ஒருமுறை திறந்தால் திறந்தே இருக்க அதன் வழியாகக் குறைந்தபட்சக் கரண்ட் ஓட வேண்டும். குண்டு பல்பில் அது தாராளம். எல்இடியில் அலையின் ஓரங்களில் பற்றாக்குறை. அணைத்த பின்னும் மின்மினி போல லேசாக எரிகிறது என்பதும் இதன் தம்பிதான்: டிரையாக்கைச் சுற்றிக் கசியும் துளிக் கரண்டில் எல்இடி வயிறு நிரம்பிவிடுகிறது. டிம்மபிளிலும் எல்லாமே ஒத்துப்போகும் என்று சொல்ல மாட்டேன். மாற்றித் தருகிற கடையில் வாங்குங்கள்.

எல்இடியால் ஒரு நன்மை, டிரையாக்கின் ஆயுள் கூடும். 60 வாட் குண்டு பல்பு எரியும்போது 880 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் அந்த அடியை வாங்குவது டிரையாக்தான். பெரிதாக்கிப் போடச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

மார்ச் 2

விளக்கை விட்டு ஒரு நிமிடம்.

எங்கள் தாத்தா வீட்டு வால்வு ரேடியோவில் இலங்கை வானொலி இரவில் மங்கும். ஏரியல் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றால் பாட்டு தெளியும். கையை விட்டால் கொரகொரப்பு. குடும்பத்தில் யாராவது ஒருவர் ஒயரைப் பிடிக்க வேண்டும், பெரும்பாலும் நான். நல்ல பாட்டு வரும்போது கை வலிக்கும், விளம்பரம் வரும்போது மாற்றிக்கொள்ளலாம். "இவன் உடம்பில் கரண்ட் அதிகம்" என்பார் பாட்டி. கரண்ட் இல்லை, கெபாசிட்டர். ரஷ்யாவில் தெரமின் என்பவர் 1920 வாக்கில் இதை வைத்தே வாத்தியம் செய்துவிட்டார். அதைத் தொடவே வேண்டாம், இரண்டு கையையும் கம்பிகளுக்குப் பக்கத்தில் அசைத்தால் சுதியும் சத்தமும் ஏறி இறங்கும். நாற்பது வருடம் கழித்து நானும் அதே தத்துவத்தில் ஏரியலாக நின்றேன், சம்பளமில்லாமல்.

மார்ச் 9

டிரையாக் கதை எல்லாருக்கும் ஒத்துவராது, சால்டரிங் அயனைப் பிடித்தே இராதவர்கள் 230 வோல்ட்டில் பழக வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். சரிதான். அதனால் வேறு வழியைச் சோதித்துப் பார்க்கிறேன். விளக்குக்குள் மெயின் கரண்டே வராமல் செய்வது. வெளியே நல்ல செல்போன் சார்ஜர், உள்ளே 5 வோல்ட் எல்இடி. தொடுவதற்கு டிடிபி223 (TTP223) என்ற நகம் அளவுப் போர்டு, 2-லிருந்து 5.5 வோல்ட் வரை ஓடும். வாங்கியபடி கை வைத்திருக்கும் வரைதான் எரியும். பின்னால் பி என்று எழுதியிருக்கும் இரண்டு புள்ளிகளை ஈயத்தால் இணைத்தால் ஒரு தொடுதலில் எரிந்து, மறு தொடுதலில் அணையும்.

போர்டு எல்இடியை நேராக ஓட்டாது, அதற்குச் சில மில்லி ஆம்பியர்தான் முடியும். நடுவே ஒரு மாஸ்ஃபெட் (சின்ன சிக்னலில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) வேண்டும்: ஐஆர்எல்இசட்44என். எல் கவனம். எஃப் போட்ட ஐஆர்எஃப்இசட்44என் அச்சு அசல் அதே மாதிரி இருக்கும், ஆனால் கேட்டில் 10 வோல்ட் எதிர்பார்க்கும், 5 வோல்ட்டுக்கு அரைத் தூக்கத்தில்தான் திறக்கும். நான் எந்த எழுத்தை வாங்கினேன் என்று கேட்காதீர்கள். நாளை மறுபடி கடைக்குப் போகிறேன்.

மார்ச் 16

எல் வாங்கியாயிற்று. விளக்கின் உடம்பு முழுவதையும் போர்டின் தொடுபுள்ளியில் கட்டிப் பார்த்தேன். தோல்வி. நகம் அளவுத் தகட்டுக்குச் செய்த போர்டு, ஒன்றரை அடி உயர உலோகம் அதற்கு ரொம்பப் பெரிய சுமை. சில சமயம் எரிகிறது, சில சமயம் நான் அறைக்குள் வந்தாலே எரிகிறது. விருந்தினர் வந்தால் எழுந்து நிற்கும் வேலைக்காரன் மாதிரி.

இப்போது உடம்பைக் கழற்றிவிட்டு, அடித்தட்டின் மேல் ஒரு பழைய எட்டணாக் காசை ஒட்டியிருக்கிறேன், கீழே மெல்லிய பிளாஸ்டிக் அட்டை வைத்து. காசிலிருந்து ஒரு குட்டை ஒயர் போர்டுக்கு. இதுவரை பிசகில்லை. மூன்று படி வெளிச்சம் போய்விட்டது, எரிவதும் அணைவதும்தான். ஆனால் தப்பு செய்தாலும் 5 வோல்ட். சார்ஜர் மட்டும் தெருவோரச் சரக்காக இருக்கக் கூடாது. மலிவான ஒன்றில் போட்டபோது காசைத் தொடாமலே விளக்கு எரிந்து அணைந்தது.

எட்டணாவைக் கடையில் வாங்காமல் ரொம்ப நாள் ஆகிறது. என் மேஜையில் செல்கிறது.

மார்ச் 21

ஸ்விட்ச் வைத்தே தீருவேன் என்பவர்களுக்காக ஒரு வரி சேர்க்கிறேன். மூன்று பின் சாக்கெட் இருக்கிறது என்பதற்காக எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்குள் ஒயரே இராது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே சோதனைப் பல்பைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் எரிவது போலவே எரிய வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் பாதுகாப்பு ஸ்விட்ச்) உள்ள வீடென்றால் பல்பு எரியும் முன்பே அது விழுந்துவிடும். அதுவும் எர்த் இருப்பதற்குச் சாட்சிதான்.

மார்ச் 30

தம்பியிடமிருந்து: "600டி போட்டாயிற்று அண்ணா. டிம்மபிள் எல்இடி, மூன்று படியும் நடுங்காமல் வருகிறது. அம்மா விரலால் தொடுவதில்லை, மணிக்கட்டைக் கொண்டு தட்டுகிறார். மிக்ஸி ஓடினால் எங்கள் வீட்டிலும் தானாக எரிகிறது. லைன் மாற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், மருமகள் எழுந்துவிட்டாள் என்று தெரிகிறது என்கிறார்."

மிக்ஸி உங்கள் வீட்டு விவகாரம், நான் தலையிடவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் குறுக்கே வளைத்த அந்த இரண்டு கால்களில் ஒன்றில்தான் ஸ்லீவ் தெரிகிறது. இன்னொன்று படத்தில் மறைந்திருக்கிறதா, போடவே இல்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை திறந்து பார்த்துச் சொல்லுங்கள். மூடியை மூடும்போது டிரையாக்கின் முதுகு எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் பாருங்கள்.